பழைய பிஸ்கட் டின் சேகரிப்பு: தேர்வு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் 1868 முதல் 1939 வரை வெளிவந்த அலங்கார பிஸ்கட் டின்கள் தனி உலகம். புத்தகக் கட்டு, காற்றாலை, பேருந்து, மீன்கூடை, பீங்கான் ஜாடி என்று தகரத்தில் செய்யாத உருவம் இல்லை. புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் வடிவத்தில் மயங்கித்தான் பணத்தைக் கொடுக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு டின்னின் மதிப்பு அதன் மேலுள்ள அச்சில்தான் குடியிருக்கிறது. நசுங்கிய தகரத்தைச் சகித்துக்கொள்ளலாம். உரிந்துபோன அச்சைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், வயதை எப்படிக் கணிக்க வேண்டும், எப்படித் துடைக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே வருகின்றன.

1. வரலாற்றில் நான்கு வருடங்கள்

இங்கிலாந்தில் ரெடிங் என்ற ஊரில் ஜோசப் ஹன்ட்லி 1822இல் ஒரு பிஸ்கட் கடை தொடங்கினார். எதிரே குதிரை வண்டிகள் நிற்கும் விடுதி. வண்டிப் பயணிகள் வாங்கிய பிஸ்கட் வழியில் நொறுங்கியது, நமத்தும் போனது. அவருடைய மகன் அதே தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். 1832 வாக்கில் அவர் பிஸ்கட்டுக்கென்று தகர டப்பா செய்யத் தொடங்கினார். மகனின் கடை பிற்பாடு ஹன்ட்லி, பூர்ன் அண்ட் ஸ்டீவன்ஸ் என்ற டின் நிறுவனமாகவும், அப்பாவின் கடை 1841இல் ஜார்ஜ் பாமர் கூட்டாளியாகச் சேர்ந்த பிறகு ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் என்ற பெரிய பிஸ்கட் கம்பெனியாகவும் வளர்ந்தன. முதல் முப்பத்தைந்து வருடங்களுக்கு டின் வெறும் டின்தான். மேலே காகித லேபிள் ஒட்டியிருப்பார்கள்.

1868இல்தான் முதல் அலங்கார டின் வந்தது. ஓவன் ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர் வரைந்தார். படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு அங்கிருந்து தகரத்துக்கு மாற்றும் முறை அது, மெதுவான வேலை.

1875 அடுத்த திருப்பம். பார்க்லே, ஃப்ரை என்ற இருவர், கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சு முறையில் ஒரு மாற்றத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். கல்லிலிருந்து நேராகத் தகரத்தில் அழுத்தினால் அச்சு சரியாக விழாது, இரண்டுமே கடினம். அதனால் கல்லிலிருந்து படத்தை முதலில் ஒரு உருளையின்மேல் உள்ள பதப்படுத்திய அட்டையில் எடுத்து, அட்டையிலிருந்து தகரத்துக்கு இறக்கினார்கள். பின்னாளில் அட்டையின் இடத்தை ரப்பர் பிடித்தது. இன்று புத்தகமும் பத்திரிகையும் அடிக்கிற ஆஃப்செட் முறைக்கு முன்னோடி இந்த வேலைதான்.

அந்தக் காப்புரிமை 1889இல் முடிந்தது. அதுவரை ஹன்ட்லி, பூர்ன் அண்ட் ஸ்டீவன்ஸ் கையில் இருந்த தொழில்நுட்பம் எல்லோருக்கும் திறந்துவிட்டது. 1890களிலிருந்து கிறிஸ்துமஸ் வந்தால் ஒவ்வொரு கம்பெனியும் புது வடிவ டின்னோடு கடைக்கு வந்து போட்டி போட்டது. சேகரிப்பாளர்கள் உயிரை விடுகிற டின்கள் பெரும்பாலும் 1890க்கும் 1914க்கும் இடைப்பட்டவை.

ஒரு நுணுக்கத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். படம் முதலில் தட்டையான தகரத்தாளில் அச்சாகும். அதற்கப்புறம்தான் வெட்டுவது, மடிப்பது, புடைப்பு அழுத்துவது எல்லாம். வளைவான ஜாடியில் பூமாலை ஒழுங்காகச் சுற்றி வர வேண்டுமென்றால், தட்டைத் தாளில் அதைக் கோணலாகத்தான் வரைந்திருக்க வேண்டும். 1900இல் ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் வெளியிட்ட புத்தகக் கட்டு டின்னைப் பாருங்கள்: எட்டுப் புத்தகங்களை ஒரு வாரால் கட்டியது போல இருக்கும். தோல் முதுகுகள் வெளியே புடைத்திருக்கும், வாரும் தனியாக எழும்பி நிற்கும். அச்சும் புடைப்பும் ஒரு மயிரிழை விலகியிருந்தால் எல்லாம் கலங்கியிருக்கும். விலகவில்லை.

2. எதைச் சேகரிப்பது?

எல்லாவற்றையும் வாங்கத் தொடங்கினால் ஒரு வருடத்தில் அலமாரியும் பணமும் தீர்ந்துவிடும். ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனியை வைத்துப் போகலாம்: ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ், லண்டனின் பெர்மண்ட்ஸியில் 1857இல் தொடங்கிய பீக் ஃப்ரீன், கார்லைலில் 1831இல் தொடங்கிய கார்ஸ், எடின்பரோவின் மெக்விட்டி அண்ட் பிரைஸ், கிளாஸ்கோவின் மெக்ஃபார்லேன் லாங், அயர்லாந்தின் ஜேக்கப்ஸ், ஸ்காட்லாந்தின் க்ராஃபோர்ட். ஒரே கம்பெனி என்றாலும் ஆயுசுக்குப் போதும்.

அரச குடும்பத்து நிகழ்வுகளை வைத்துப் போகலாம். 1897 விக்டோரியா வைர விழா, 1911, 1937, 1953 முடிசூட்டுகள். அதிகச் செலவில்லாமல் கைபழக இதுதான் நல்ல பள்ளிக்கூடம். ஏனென்றால் இவை மலிவு. மலிவுக்குக் காரணம், ராஜா ராணி படம் போட்ட டின்னை யாரும் தூக்கி எறியவில்லை. எட்டாம் எட்வர்ட் படம் போட்ட டின்னை "முடிசூட்டே நடக்கவில்லை, அதனால் அபூர்வம்" என்று விற்பார்கள். அவர் பதவி துறந்தது 1936 டிசம்பரில். முடிசூட்டு 1937 மே மாதத்துக்குக் குறித்திருந்தார்கள். நினைவுப் பொருட்கள் அதற்குள் ஏராளமாகத் தயாராகிவிட்டன. அந்தக் கதைக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

வடிவ டின்கள் நடுத்தரம் முதல் அதிக விலை வரை. பொம்மை டின்கள்தான் உச்சம். பேருந்து, ரயில், கார், 1930களில் ஜேக்கப்ஸ் வெளியிட்ட முடிசூட்டு ரதம், அதே காலத்தில் குழந்தைப் பட ஓவியர் மேபல் லூசி ஆட்வெல் படங்களோடு க்ராஃபோர்ட் வெளியிட்ட உண்டியல் வீடு ஆகியவை பிஸ்கட் தீர்ந்ததும் குழந்தைகள் கைக்குப் போனவை. குழந்தை கையில் பட்டது முழுசாக மிஞ்சுமா? சக்கரம் நான்கும் இருக்கும் பேருந்து கிடைப்பது கஷ்டம், அதனால்தான் விலை. சக்கரமோ அச்சாணியோ கம்பிக் கைப்பிடியோ இல்லாத டின்னை "அப்புறம் தேடிச் சேர்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்து வாங்காதீர்கள். அந்த அப்புறம் வரவே வராது.

பிரிட்டிஷ் டின் எட்டாத விலையாகத் தெரிந்தால் இந்திய டின்கள் இருக்கின்றன. பிரிட்டானியாவின் தொடக்கம் 1892, கல்கத்தா. டின் செய்யும் மெட்டல் பாக்ஸ் நிறுவனம் 1933இல் இந்தியாவுக்கு வந்ததும் கல்கத்தாவில்தான். இந்தத் துறையில் போட்டி குறைவு.

3. வயதைக் கணிப்பது

கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் ஒரு சிறு டார்ச்சும் இருந்தால் போதும். டின்னைக் கவிழ்த்து அடிப்பாகத்தையும் கீழ் விளிம்பையும் பாருங்கள்.

ஆர், டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் எண் இருந்தால் அது பிரிட்டிஷ் வடிவமைப்புப் பதிவு எண். 1884இல் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். 1890 தொடக்கத்தில் ஏறக்குறைய 1,41,000. 1900 தொடக்கத்தில் 3,51,000. 1910இல் 5,50,000ஐ ஒட்டி. 1920இல் 6,73,000ஐ ஒட்டி. இடைப்பட்ட எண்ணுக்கு வருடத்தை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் இது வடிவத்தைப் பதிவு செய்த தேதி. டின் அதே வருடம் வந்திருக்கலாம், சில வருடம் கழித்தும் வந்திருக்கலாம். பதிவுக்கு முன்னால் மட்டும் வந்திருக்காது. எண்ணுக்குப் பதில் வைர வடிவ முத்திரை இருந்தால் 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது.

மிகச் சின்ன எழுத்தில் டின் செய்தவர் பெயரும் இருக்கலாம். பிஸ்கட் கம்பெனி வேறு, டின் கம்பெனி வேறு என்பதை மறக்க வேண்டாம். கார்லைலின் ஹட்சன் ஸ்காட், மான்ஸ்ஃபீல்டின் பாரிங்கர், வாலிஸ் அண்ட் மேனர்ஸ் ஆகிய பெயர்களைத் தேடுங்கள். 1920களின் தொடக்கத்தில் இவை ஒன்றுசேர்ந்து மெட்டல் பாக்ஸ் ஆனதால், அந்தப் பெயர் இருந்தால் டின் அதற்குப் பிந்தையது.

கண்காட்சிப் பரிசு வருடங்களும் உதவும். பாரிஸ் 1878 என்று அச்சிட்டிருந்தால் டின் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. பலர் இதைத் தலைகீழாகப் படித்து, "1878ஆம் வருட டின்" என்று விலை சொல்வார்கள். அது பரிசு வாங்கிய வருடம் மட்டுமே.

4. அசலா, நகலா?

1970களில் பழமை மோகம் வந்தபோது விக்டோரியா கால பாணியில் புது டின்கள் குவிந்தன. ஏமாற்றுவதற்காகச் செய்தவை அல்ல. ஐம்பது வருடத்தில் அவையே அழுக்கேறிப் பழசாகத் தெரிகின்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1980 வாக்கில் ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பெயரில் ஒரு தோட்ட விருந்து டின் வந்தது. பழைய குழந்தைப் புத்தகப் படம் போல அடக்க ஒடுக்கமான காட்சி. ஓவியர் பின்னணியில் நாய்களையும் ஒரு ஜோடியையும் செய்யக்கூடாத காரியத்தில் ஈடுபடுத்தியிருந்தார். கவனித்ததும் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். இன்று அது தனிச் சேகரிப்புப் பொருள்.

நகலைப் பிடிக்க லென்ஸை ஒரு முகத்தின்மேல் வையுங்கள். கன்னம் நல்ல இடம். பழைய கல்லச்சில், ஓவியர் கையால் வைத்த புள்ளிகள் தெரியும். சிறிதும் பெரிதுமாக, ஒழுங்கில்லாமல், நிழல் பக்கம் நெருங்கி, வெளிச்சப் பக்கம் கலைந்து கிடக்கும். ஒவ்வொரு வண்ணமும் தனிக் கல். இளஞ்சிவப்புக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒன்று, சாம்பலுக்கு ஒன்று என்று பல தடவை அச்சாகியிருக்கும். புது டின்னில் அதே கன்னம் நான்கே வண்ணங்களின் சீரான புள்ளிக் கட்டமாக, பூ பூவாக விரியும். செய்தித்தாள் படத்தை லென்ஸில் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஒரு எச்சரிக்கை: சீரான புள்ளிகள் 20ஆம் நூற்றாண்டு டின்களிலும் நியாயமாகவே உண்டு. "1895" என்று சொல்லி விற்கும் டின்னில் இருந்தால்தான் கேள்வி.

பார்கோடு, கிராமில் எடை ஆகியவை இருந்தால் லென்ஸே தேவையில்லை.

தங்க நிறத்தையும் பார்த்துவையுங்கள். பழைய டின்களின் தங்கம் பல இடங்களில் தங்க மையே இல்லை. பளபளக்கும் வெள்ளீயத்தின்மேல் பூசிய மஞ்சள் வார்னிஷ். சாய்த்துப் பார்த்தால் உள்ளிருந்து ஒளிரும். இந்த வார்னிஷ்தான் துடைக்கும்போது முதலில் போகும், கீழே வருகிறேன்.

5. நிலையைப் பார்த்து விலை பேசுவது

மூடியில் தொடங்குங்கள். எல்லோர் கண்ணும் கையும் படுவது அங்கேதான். அச்சு அங்கே போயிருந்தால் பக்கங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அரை விலைதான். அடுத்து மூலைகள், கீல் ஓரம், மூடி உரசும் விளிம்பு. அங்கே கொஞ்சம் தேய்வு இருப்பது இயல்பு, அசல் என்பதற்கு அத்தாட்சியும்கூட. உடம்பெல்லாம் கிழண்டு, மூலை மட்டும் பளிச்சென்று இருந்தால் யாரோ பெயின்ட் தொட்டிருக்கிறார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் தொட்ட இடம் வேறு பளபளப்பில் காட்டிக்கொடுக்கும். பெயின்ட் தொட்ட டின்னை நான் வாங்குவதில்லை. துருவோடு இருப்பதைக்கூட வாங்குவேன்.

துருவில் இரண்டு வகை. உள்பக்கமும் அடியும் மேலோட்டமாகப் பழுப்பேறியிருந்தால் பரவாயில்லை. அச்சுக்கு அடியில் ஊர்கிற துரு ஆபத்து: மேற்பரப்பில் சிறு சிறு கொப்புளமாகத் தெரியும். தகரம் என்பது இரும்புத்தாளின்மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு. பூச்சு முழுசாக இருக்கும்வரை காவல். ஒரு கீறல் விழுந்துவிட்டால் வெள்ளீயமே அந்த இடத்து இரும்பை இன்னும் வேகமாகத் துருப்பிடிக்க வைக்கும். கொப்புளம் வந்த டின் உங்கள் அலமாரியிலும் தொடர்ந்து அழியும்.

விலை? சாதாரண முடிசூட்டு டின் சில பவுண்டுகளுக்கு வரும். நல்ல வடிவ டின் பத்துகளிலிருந்து நூறுகள் வரை. நல்ல நிலையில் உள்ள பொம்மை டின் ஆயிரங்களைத் தொடும். ஒரே டின் நிலையைப் பொறுத்து இந்த மூன்று படியிலும் ஏறி இறங்கும்.

6. எங்கே வாங்குவது?

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கார் பூட் சந்தைகள் (கார் டிக்கியில் பழைய சாமான் வைத்து விற்பவை), அறக்கட்டளைக் கடைகள், ஊர் ஏலங்கள். ஏலத்தில் தனி டின்னைவிட "கலப்புப் பெட்டி" என்று போடுகிற கூட்டத்தைப் பாருங்கள். வேண்டாதவற்றுக்கு நடுவில் நல்லது ஒன்று கிடக்கும்.

தமிழ்நாட்டில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள். பர்மா, மலேயா, இலங்கை என்று வணிகம் செய்த செட்டிநாட்டு வீடுகளின் சாமான்கள் அங்கே வந்து சேர்கின்றன. எனாமல் பாத்திரங்களுக்கும் கண்ணாடி ஜாடிகளுக்கும் இடையில் வெளிநாட்டு டின்களையும் தேடிப் பார்க்கலாம். ஆர்வத்தை முகத்தில் காட்டாமல் முதலில் வேறு எதையாவது விலை கேளுங்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருட்களைப் பொறுத்தவரை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் ஏற்றுமதிக்குத் தடை போடுகிறது. இங்கே வாங்கி வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே தொல்லியல் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்கினால் ஆறு பக்கங்களின் படம், மூடி திறந்த உள்பக்கம், அடிப்பாகத்து எழுத்து ஆகியவற்றைக் கேளுங்கள். நிழலில் இயல்பான வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் அடித்தால் கீறல் மறைந்துவிடும். அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். பசை டேப்பை நேரடியாக டின்னில் ஒட்டவே கூடாது என்று எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

7. துடைப்பது

நம் வீட்டுப் பழக்கம் புளி, எலுமிச்சை, சாம்பல். பித்தளை விளக்கு அதைத் தாங்கும். அச்சிட்ட தகரத்தில் புளி பட்டால் வார்னிஷும் மையும் சேர்ந்து போகும். வினிகர், சமையல் சோடா, ஸ்பிரிட், தின்னர், நகப்பூச்சு நீக்கி எதுவும் கிட்டே வரக்கூடாது. முன்னே சொன்ன மஞ்சள் வார்னிஷ் ஸ்பிரிட் பட்டதும் கரைந்து, தங்கம் வெள்ளியாகிவிடும்.

முதலில் மென்மையான ஓவியத் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். மூடியின் புடைப்புக்குள் மணல்துகள் இருக்கும்; அதோடு துணியால் தேய்த்தால் கீறல். தூசி போனபின் காதுக்குச்சியை வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) தொட்டுப் பிழிந்து, அடிப்பக்க ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் உருட்டிப் பாருங்கள். பஞ்சில் பழுப்பு வந்தால் அழுக்கு, தொடரலாம். சிவப்போ பச்சையோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த டின்னுக்குத் தூரிகை மட்டும்தான். தொடர்வதானால் பெருவிரல் அளவு இடமாக எடுத்து, உருட்டி, உடனே காய்ந்த பஞ்சால் ஒற்றுங்கள். தேய்க்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்குக்கு வடிநீரில் ஒரு துளி மென்மையான சோப்புத் திரவம். பிறகு வெறும் நீரால் மறுபடி ஒற்றி எடுக்க வேண்டும். ஓரங்களில் நீர் தங்கினால் உள்ளே துரு தொடங்கும், ஆகவே மின்விசிறிக் காற்றில் மூடியைத் தனியாகவும் டப்பாவைத் தனியாகவும் காயவிடுங்கள்.

விலைச்சீட்டு ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தூரமாகக் காட்டி, மெதுவாக உரியுங்கள். அச்சும் சேர்ந்து எழும்பினால் சீட்டை விட்டுவிடுங்கள். உள்பக்க வெறுந்தகரத்துத் துருவுக்கு மட்டும் மிக நைசான எஃகுக் கம்பளியில் இரண்டு துளி மெஷின் எண்ணெய் விட்டு லேசாகத் தேய்க்கலாம்.

காய்ந்த டின்னுக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. அருங்காட்சியகங்களில் உலோகப் பொருட்களுக்குப் பயன்படுத்துவது. பருத்தித் துணியில் கண்ணுக்குத் தெரியாத அளவு எடுத்துப் பூசி, சில நிமிடத்தில் மெருகேற்றிவிடுங்கள். உரிந்துகொண்டிருக்கும் அச்சின்மேல் பூச வேண்டாம்; துணி அதை இழுத்துக்கொண்டு வரும்.

சொட்டை? தொடாதீர்கள். உள்ளிருந்து தட்டினால் தகரம் நிமிரும், அச்சு வெடிக்கும்.

8. வைப்பது

வெயில் நேராகப் படாத இடம், தரையிலிருந்து உயரம், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரி. கடலோர ஊர்க்காரர்களுக்கு உப்புக்காற்றுதான் முதல் எதிரி. கண்ணாடிக் கதவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் அவசியம். ஜெல்லை மழைக்காலம் தொடங்குமுன் காயவைத்து மாற்றுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருப்பதன் மூடியில் வட்டமாகத் தேயும். மூடியை இறுக்கி மூடாமல் தளர வையுங்கள், உள்ளே ஈரம் பூட்டிக்கொள்ளக்கூடாது. செய்தித்தாளில் சுற்றினால் மையும் அமிலமும் ஒட்டும். அமிலமற்ற மெல்லிய தாள் வாங்கிக்கொள்ளுங்கள். வியர்வைக் கையில் உப்பு இருக்கிறது, எடுக்கும்போது பருத்திக் கையுறை.

முறுக்கு, அதிரசம் போட்டு வைக்கலாமா என்று வீட்டில் கேட்பார்கள். கூடாது. பழைய பற்றவைப்பிலும் மையிலும் காரீயம் இருக்கலாம்.

9. பதிவேடு

ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு பக்கம்: கம்பெனி, டின் செய்தவர், பதிவு எண், அளவு, வாங்கிய இடம், விலை, வந்தபோது இருந்த நிலை, ஆறு பக்கப் படம். துடைப்பதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே கோணத்தில் இன்னொன்று எடுத்து ஒப்பிட்டால், கொப்புளம் பரவுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடையாளம் காண முடியாத டின்னுக்கு லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் தேடுங்கள். எம். ஜே. ஃபிராங்க்ளின் சேர்த்த பிரிட்டிஷ் பிஸ்கட் டின்கள் அங்கே இருக்கின்றன. ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் என்றால் ரெடிங் அருங்காட்சியகத்தில் அதற்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. இங்கிலாந்து போகிறவர்கள் அங்கே அசல் டின்களை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.